தோகையாரின் மூன்றாவது நூல்

மூங்கில்காட்டில் விலங்குகளுக்கென்று ஒரு கல்லூரி இருந்தது. அங்கே படிப்பு கொஞ்சம், விளையாட்டு நிறைய. விளையாட்டைப் பற்றிய பேச்சோ அதைவிட நிறைய!

அந்தப் பேச்சுக்கு வழி செய்து கொடுத்தவள் நூலம்மா என்ற சிலந்தி. அவள் மரத்துக்கு மரம் ஒரு நீண்ட நூல் கட்டியிருந்தாள். ஏதாவது ஒரு மரத்தடியில் உட்கார்ந்து நூலில் வாய் வைத்துப் பேசினால் போதும், காட்டிலுள்ள எல்லா மரத்தடியிலும் கேட்கும். அடைகாக்கும் கொக்கு கூட்டை விட்டு நகராமலே அரட்டையில் கலந்துகொள்ளும். காலில் முள் குத்திய மான் படுத்தபடியே பதில் சொல்லும்.

ஆனால் இருந்தது ஒரே ஒரு நூல். அங்கேதான் வந்தது வம்பு.

"நேத்து ஓட்டத்துல நம்ம ஆளு என்னமா ஓடினான்!" என்று மான் ஆரம்பிக்கும்.

"ஓட்டமா? அடப் போப்பா! நாங்க கிளை தாவினதைப் பாத்தியா?" என்று குரங்கு நடுவில் புகும்.

"கொஞ்சம் பொறுங்க, வளை தோண்டுற ஆட்டத்தைப் பத்தி நாங்க பேசிட்டு இருக்கோம்" என்று பெருச்சாளி கெஞ்சும்.

"தோண்டுற ஆட்டமாம்! ஹிஹிஹி!" என்று குரங்கு சிரிக்கும்.

கடைசியில் யார் எதைப் பற்றிப் பேசினார் என்று ஒருவருக்கும் புரியாது. போதாக்குறைக்குச் சண்டை வேறு.

கல்லூரியின் விளையாட்டுச் செயலாளர் ஒரு மயில். பெயர் தோகையார். நடை, உடை, பாவனை எல்லாம் கனஜோர்! அவர் நூலம்மாவைக் கூப்பிட்டார்.

"ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனி நூல் கட்டிக் கொடுத்துரு. அந்தந்த ஆட்டத்தோட ரசிகர்கள் அந்தந்த நூல்ல பேசிக்கட்டும்."

"செயலாளரய்யா, என் வயிறு என்ன நூல் ஆலையா? மழைக்கு முன்னாடி மூணு நூல்தான் கட்ட முடியும். எந்த ஆட்டத்துக்குன்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள் நூலம்மா.

மறுநாள் தோகையாரின் நாவல் மரத்தடியில் ஒரே கூட்டம். ஓட்டத்துக்கு ஒரு நூல் என்றார் தோகையார். மான்கள் துள்ளின. கிளை தாவலுக்கு ஒரு நூல் என்றார். குரங்குகள் போட்ட கூச்சலில் நாவல் பழங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன.

"மூணாவது நூல்..." என்று தொண்டையைச் செருமினார் தோகையார். "தோகை விரிப்புக்கு!"

எல்லாரும் திருதிருவென்று விழித்தார்கள். தோகை விரிப்பு எப்போது விளையாட்டானது? அதை ஆடுவது அவர் ஒருவர்தானே! ஆனால் செயலாளரிடம் யார் போய்க் கேட்பது?

கேட்டான் ஒருவன். அவன்தான் புழுதியன் என்ற பெருச்சாளி, வளை தோண்டும் ஆட்டத்தின் தலைமை ரசிகன். அவனுக்குப் பின்னால் ஒரு கீரி, ஒரு உடும்பு, ஒரு நண்டு, இரண்டு வயல் எலிகள். அவ்வளவுதான் அந்த ஆட்டத்தின் ரசிகர் பட்டாளம்.

"ஐயா, மூணாவது நூலை எங்களுக்குக் குடுங்க!"

"உங்க ஆட்டமா?" தோகையாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ரெண்டு பேர் மண்ணுக்குள்ள போவாங்க. அந்தப் பக்கம் இருக்கிற அத்தி மரத்தைத் தாண்டி யார் முதல்ல வெளியே வர்றாங்களோ அவங்களுக்கு வெற்றி. நடுவுல பார்க்க என்னய்யா இருக்கு? ரெண்டு ஓட்டை! அதைப் பத்திப் பேச ஒரு நூலா?"

"பார்க்க ஒண்ணும் இல்லைங்க. கேட்க இருக்கு!" என்றான் புழுதியன். "நாங்க வழி நெடுக மண்ணுல காதை வச்சுப் படுத்துக்குவோம். அவங்கவங்க காதுல விழுறதைச் சொல்லுவோம். அதையெல்லாம் சேர்த்தாத்தான் ஆட்டமே தெரியும். பேச்சு இல்லேன்னா எங்க ஆட்டமே இல்லைங்க!"

"கதை விடாதே. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு விழா. பாறைக்காட்டுக் கல்லூரிக்காரங்க வர்றாங்க. எந்த ஆட்டத்துக்கு எவ்வளவு கூட்டம் வருதுன்னு நானே பார்ப்பேன். என் தோகை விரிப்பைவிட அதிகக் கூட்டம் வந்தா நூல் உனக்கு!" என்று சொல்லிவிட்டுத் தோகையார் எழுந்து போய்விட்டார்.

புழுதியன் நேராகச் செதிலியைப் பார்க்கப் போனான். செதிலி ஒரு அழுங்கு, அதாவது எறும்புதின்னி. உடம்பெல்லாம் செதில், முன்னங்காலில் வளைந்த நகம். மூங்கில்காட்டில் அவளைப் போல மண் தோண்ட ஆள் கிடையாது. அவள் பந்து போலச் சுருண்டு கிடந்தாள். மனசு சரியில்லாவிட்டால் அழுங்கு அப்படித்தான் சுருண்டுகொள்ளும்.

"என்ன செதிலி, என்னாச்சு?"

"புழுதியண்ணே, பாறைக்காட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்திருக்கு. அங்கே தோண்டுற ஆட்டத்துக்குத் தனி நூலே இருக்காம். இங்கே என் பேரைச் சொன்னாலே குரங்குகள் சிரிக்குது. என்னைப் பத்திப் பேச ஒரு இடம்கூட இல்லாத காட்டுல நான் யாருக்காகத் தோண்டுறது? இந்த விழாவோட நான் கிளம்பிடுறேண்ணே."

செதிலி போய்விட்டால் அப்புறம் மூங்கில்காட்டில் அந்த ஆட்டமே கிடையாது. அந்த ஆட்டம் இல்லாவிட்டால் புழுதியனும் வெறும் பெருச்சாளிதான்.

வழியில் கிளைத்தாவி என்ற குரங்கு அவனை மடக்கியது. "என்னப்பா, கூட்டம் வேணுமாமே? எங்க கூட்டத்தையே அனுப்புறேன். நூறு பேர் வந்து கை தட்டுவாங்க. ஆளுக்கு ஒரு வாழைப்பழம் குடுத்தாப் போதும்!"

ஐயோ, எவ்வளவு சுலபமான வழி! அவனோடு வந்த எலிகள் இரண்டும் ஆசையோடு புழுதியனைப் பார்த்தன. அவன் மீசையைச் சிலுப்பிக்கொண்டான்.

"எங்க ஆட்டம் என்னன்னே தெரியாத கூட்டம் எங்களுக்கு எதுக்கு? நாங்க ஆறு பேர். ஆறு பேரும் ஆட்டம் தெரிஞ்சவங்க. வழியை விடு!"

"திமிரைப் பாரு!" என்றது குரங்கு.

திமிர்தான்! இல்லை என்று யார் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விழா மைதானம் நிரம்பி வழிந்தது. மான்கள் ஓடின, கூட்டம் ஆர்ப்பரித்தது. குரங்குகள் தாவின, கூட்டம் குதித்தது. பிறகு தோகையார் நடுவில் வந்து தோகையை விரித்தார். "அடடா!" என்றது கூட்டம். தோகையார் ஒரு சுற்று சுற்றினார். "அடடா!" என்றது மறுபடியும். அதோடு சரி.

கடைசியாக வளை தோண்டும் ஆட்டம். மூங்கில்காட்டுக்குச் செதிலி, பாறைக்காட்டுக்கு ஊசியன் என்ற முள்ளம்பன்றி. இருவரும் மண்ணைக் கிளறி உள்ளே போனார்கள். இரண்டு ஓட்டைதான் மிச்சம். கூட்டமும் கொட்டாவி விட்டபடி மர நிழல்களுக்குக் கலைந்து போய்விட்டது.

தோகையார் மைதானத்தைப் பார்த்தார். ஆறே பேர். ஆறு பேரும் மண்ணில் காதை வைத்து, வாலைத் தூக்கிக்கொண்டு குப்புறக் கிடந்தார்கள்.

"இதுங்க ஆட்டம் பார்க்க வந்துச்சா, தூங்க வந்துச்சா?" என்று சிரித்தபடி அவர் நாவல் மரத்தில் போய் உட்கார்ந்தார்.

மரத்தடிகளில் அன்று பொது நூல் அதிசயமாக ஓய்ந்து கிடந்தது. ஏன் தெரியுமா? ஓட்டத்தை எல்லாரும்தான் பார்த்தார்கள். தாவலையும் எல்லாரும்தான் பார்த்தார்கள். எல்லாரும் பார்த்ததை யார் யாருக்குச் சொல்வது? கத்திக் கத்தி எல்லாருக்கும் தொண்டையும் கட்டிப்போயிருந்தது.

அந்த அமைதியில் நூல் மெல்ல அதிர்ந்தது. நண்டு நூலின் ஒரு நுனியைக் கொடுக்கால் பிடித்துப் புழுதியனின் வாயருகே நீட்டியிருந்தது. "பாத்து, நறுக்கிடாதே!" என்ற குரல்தான் முதலில் காடு முழுக்கக் கேட்டது. அப்புறம் ஆரம்பித்தான் புழுதியன்.

"சரக், சரக்னு ஒரே சீரா கேக்குதே, அதுதான் நம்ம செதிலி! பரபரன்னு அவசரப்படுறது ஊசியன். ஊசியன் முன்னாடி போறான். போகட்டும்! அவன் மேல் மண்ணுல போறான், அது பொலபொலன்னு சரியும். நம்ம பொண்ணு ஆழத்துல போறா!"

அடைகாத்துக்கொண்டிருந்த கொக்கு கழுத்தை நிமிர்த்தியது.

"ஆஹா! ஊசியன் மேல மண்ணு சரிஞ்சிருச்சு. உதறுறான், உதறுறான்... செதிலி அவனைத் தாண்டிட்டா! உடும்பு, அங்கே என்ன கேக்குது?"

"அத்தி மர வேர்கிட்ட வந்துட்டா!" என்றது அத்தி மரத்தடியில் கிடந்த உடும்பு, அங்கிருந்த நூலில்.

"வேரா? பெரிய வேரா?"

"தடிமனான வேர். நகம் படுற சத்தம் டக் டக்குங்குது. ஐயோ! புழுதியா, சத்தம் நின்னுபோச்சு!"

நூலிலும் சத்தம் நின்றுபோனது. காடே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"என்னாச்சு?" என்று கொக்கு கேட்டது. "என்னாச்சு?" என்று ஒவ்வொரு மரத்தடியிலிருந்தும் குரல் வந்தது. "யோவ் புழுதியா! என்னய்யா ஆச்சு, சொல்லித் தொலையேன்!" என்று ஒரு குரல் எல்லாவற்றையும் மீறிக் கத்தியது. அது யாருடைய குரல் என்கிறீர்கள்? சாட்சாத் தோகையாரின் குரல்!

புழுதியனுக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு! மண்ணோடு மண்ணாகக் காதை அழுத்திக்கொண்டு கிடந்தான்.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. மான்கள் மைதானத்துக்கு ஓடி வந்து படுத்தன. குரங்குகள் மரத்திலிருந்து தொப் தொப்பென்று குதித்துக் காதை மண்ணில் வைத்தன, ஒரு வாழைப்பழம்கூடக் கேட்காமல்! தோகையார் தோகை புழுதியில் புரளுவதையும் மறந்து கொண்டையை மண்ணில் புதைத்தார்.

"கேக்குது!" என்று கத்தினான் புழுதியன். "வேரைச் சுத்தலை, வேருக்கு அடியில போறா! வேற யாரு இவ்வளவு ஆழம் போவாங்க? எங்க செதிலி போவா! சரக்... சரக்... மேல வர்றா!"

"மேல வர்றா!" என்றது காடு.

எல்லாரும் கண்ணை மூடிக் காதை இன்னும் அழுத்தினார்கள். ஆனால் மண்ணுக்குள் ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஒரே நிசப்தம்.

"மறுபடியும் நின்னுபோச்சே! புழுதியா, அவ எங்கே?" என்றார் தோகையார்.

"இங்கேதான் இருக்கேன்!" என்றது ஒரு குரல்.

எல்லாரும் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினார்கள். அத்தி மரத்துக்கு அந்தப் பக்கம், முகமெல்லாம் மண்ணோடு செதிலி நின்றுகொண்டிருந்தாள். அவள் வெளியே வந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை! அவள் பார்த்ததெல்லாம் மைதானம் முழுக்க வால்கள், வால்கள், வால்கள்தான். காடு மொத்தமும் காதை மண்ணில் வைத்து அவளைக் கேட்டுக்கொண்டு கிடந்தது.

அப்போது எழுந்ததே ஒரு கூச்சல்! மூங்கில்கள் ஆடின. குரங்குகள் செதிலியைத் தோளில் தூக்கி, செதில் குத்தி, "ஆ!" என்று அலறி, மறுபடியும் தூக்கின. புழுதியன் பேச்சே வராமல் நின்றான். தலைமை ரசிகனுக்குப் பேச்சு வராமல் போனது அன்று ஒரு நாள்தான்.

பிற்பாடு தட்டுத்தடுமாறி ஊசியன் வெளியே வந்தான். "நல்லா ஆடினே" என்று செதிலியைப் பாராட்டினான். "எங்க பாறைக்காட்டுக்கு எப்போ வர்றே?"

செதிலி புழுதியனைப் பார்த்தாள். புழுதியன் தோகையாரைப் பார்த்தான். தோகையார் கொண்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டவும் தோன்றாமல் நின்றார்.

"செயலாளரய்யா, மூணாவது நூலை எங்கே கட்டட்டும்?" என்று கேட்டாள் நூலம்மா.

"என் தோகை விரிப்புக்குக் கட்டினா என்ன பேசுவாங்க?" என்றார் தோகையார்.

"அடடாம்பாங்க."

"அப்புறம்?"

"இன்னொரு அடடா. அதுக்கு எதுக்கய்யா நூல்? அதை நேர்லயே சொல்லிடலாமே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தோகையாருக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் நிமிர்ந்து நின்று சொன்னார்: "கூட்டத்தை எண்ணினேன் பாரு, என் புத்தியை என்ன சொல்ல! புழுதியா, மூணாவது நூல் உங்களுக்குத்தான். ஒரு விஷயம். வேருக்கு அடியில போகணும்னு அவளுக்கு எப்படித் தோணுச்சு? அதை மட்டும் எனக்கு விளக்கமா சொல்லு."

"நூல்ல வந்து கேளுங்கய்யா!" என்றான் புழுதியன், மீசையைச் சிலுப்பிக்கொண்டு.

செதிலி ஊசியனைப் பார்த்துச் சொன்னாள்: "நான் வரலை. என் காடு என்னைக் கேட்டுடுச்சு."

அன்று மாலையே நூலம்மா அத்தி மரத்திலிருந்து மூன்றாவது நூலைக் கட்டத் தொடங்கினாள். அவள் முடிச்சுப் போட்டு முடிப்பதற்குள் நூல் அதிர ஆரம்பித்துவிட்டது.

வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை எண்ணி ஒரு ஆட்டத்தின் மதிப்பை அளக்காமல், அதை உயிராக நினைத்துப் பேசுகிறவர்களின் பற்றைக் கொண்டே அளக்க வேண்டும்.