படகு முனையில் கட்டிய சிவப்பு

மலைமேல் ஒரு ரிசார்ட். அதற்குத் தனகோபால் என்று ஒரு முதலாளி. அவர் சொன்னால் சொன்னதுதான்.

"நாலு கயாக் படகையும் இந்தச் சின்ன ஜீப்புல ஒரே நடையில ஏரிக்குக் கொண்டுபோகணும். திறப்பு விழாவுக்கு சப்-கலெக்டரம்மா வர்றாங்க. ஒரு கீறல் விழுந்தாலும் உன் வேலை போச்சு" என்றார்.

டிரைவர் மருதாசலம் படகுகளைச் சாய்த்து அடுக்கிக் கயிற்றால் இறுக்கினான். ஜீப்பைவிடப் படகுதான் நீளம். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த முனையில், வழக்கம்போல, சிவப்பாக ஒன்றைக் கட்டிவிட்டு ஓட்டினான்.

கீறலில்லாமல் ஏரிக்கரை வந்து சேர்ந்தான். சப்-கலெக்டரோடு படகைப் பார்க்க வந்த முதலாளி அலறினார்.

"அறிவிருக்காடா? செத்தவன் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டை நல்ல காரியத்துக்குக் கொண்டுவந்து கட்டியிருக்கியே!"

"வேற சிவப்புத் துணி கிடைக்கலீங்க" என்றான் மருதாசலம். "ஆனா, என் தம்பி வெள்ளிங்கிரி குடிச்சுட்டு, ஜாக்கெட்டே போடாம படகுல போய்ச் செத்தான்னுதானுங்களே போலீஸ்ல சொன்னீங்க?"

சப்-கலெக்டர் ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். பட்டை இற்றுப் பிய்ந்து தொங்கியது.

"விழா வேண்டாம். நாளைக்கு இதை எடுத்துக்கிட்டு என் ஆபீசுக்கு வாங்க" என்று மருதாசலத்திடம் சொன்னார்.

படகுகளோடு திரும்பும்போது அவன் சீட்டுக்கு அடியில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்துப் படகு முனையில் கட்டினான். ஜாக்கெட்டை, தம்பி எப்போதும் உட்கார்ந்து வரும் முன்சீட்டில் வைத்து, பெல்ட்டை மாட்டினான்.

இந்தப் பட்டை இறுகப் பிடித்துக்கொண்டது.