வேட்டியில் விழுந்த வெடிமருந்து

மகனைச் சுட்டுக் கொன்னவன் பேரு காளிங்கன். அவனைப் பதிலுக்குச் சுட்டே தீரணும்னுதான், தலையெல்லாம் நரைச்சப்புறம், மூக்காண்டி துப்பாக்கி ஆசான் வீரபத்திரன்கிட்ட சிஷ்யனாச் சேர்ந்தாரு. காளிங்கனும் அதே ஆசான்கிட்டக் கத்துக்கிட்டவன்தான். தெரிஞ்சேதான் வந்தாரு.

ஆசான் வயசுல இளையவரு. சிஷ்யரை அண்ணேன்னுதான் கூப்பிடுவாரு.

அன்னைக்குப் பெட்டியைத் திறந்து ஒரு குட்டித் துப்பாக்கியை எடுத்து நீட்டினாரு. வாய்வழியா மருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற சாதி. ஜோடியாச் செஞ்சதுல ஒண்ணு. இன்னொண்ணு இருந்த பள்ளம் வெறுமனே கிடந்துச்சு.

"எவ்வளவு மருந்து போடணும் ஆசானே?"

ஆசான் மூக்காண்டி தோள்ல கிடந்த வெள்ளை வேட்டியை உருவி, துப்பாக்கி வாய்க்கு நேரா தரையில விரிச்சாரு. செத்த மகனோட வேட்டி அது. அதைப் பிடிக்க மூக்காண்டி கை நீண்டுச்சு. ஆனா தடுக்கல.

"மனசு போல போட்டுச் சுடுங்கண்ணே."

மனசு போலவே போட்டாரு. காது அடைச்சுப் போச்சு, மணிக்கட்டு விண்ணுன்னு தெறிச்சுச்சு. எதிர்ல நட்ட பலகையில ஒரு கீறல்கூட இல்ல. வேட்டி பூரா கறுப்புப் பொடி.

"பீரங்கின்னு நெனைச்சீங்களாக்கும்," ஆசான் சிரிக்காமச் சொன்னாரு. "இந்தக் குழாய்க்குள்ள எரியிறதுதான் எரியும். மிச்சமெல்லாம் இப்படித்தான் விழும்."

அப்புறம், மருந்து அளக்கிற, உள்ள குடைஞ்ச மான்கொம்புத் துண்டோட வாயைக் கல்லுல தேச்சுத் தேச்சுக் குறைச்சாரு. தேய்க்கிறதும் சுடுறதும் வேட்டியை உதறுறதுமா வெயில் சாஞ்சிருச்சு. கடைசியா ஒரு தடவை சுட்டப்போ வேட்டி வெள்ளையாவே கிடந்துச்சு. பலகை நடுவுல ஓட்டை.

கொம்புக்குள்ள எட்டிப் பாத்தாரு மூக்காண்டி. ஒரு சிட்டிகைதான். ராவும் பகலும் தூங்காம வளத்த கோவத்துக்கு இத்தூண்டுதானான்னு அவருக்கு ஆத்தாமையா வந்துச்சு.

"ஒரு ஆளைச் சாய்க்க இது போதுமா?"

ஆசான் வேட்டியை மடிச்சு அவரு தோள்லயே திரும்பப் போட்டாரு.

"உங்க மகனுக்குப் போதுமா இருந்துச்சு."

பெட்டியில வெறுமனே கிடந்த பள்ளத்தை மூக்காண்டி திரும்பிப் பாத்தாரு.

"போறப்போ காளிங்கன் அந்தத் துப்பாக்கியோட அளவுக்கொம்பையும் கையோட எடுத்துட்டுப் போயிட்டான். அதான் இன்னைக்கு மறுபடி தேய்க்க வேண்டியதாப் போச்சு. நீங்க காரியம் முடிஞ்சதும் இந்தக் கொம்பை எங்கிட்டயே குடுத்துடுங்கண்ணே. அவனுக்கும் ஒரு பையன் இருக்கான். வந்து கேப்பான்."