முத்திரையிட்ட வாளி

"ஒருத்தன் உண்மையிலேயே திருந்திட்டானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது, அம்மா?"

அம்பலவாணன் இதைக் கேட்டபோது வகுப்பு முடிந்து மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். செண்பகவல்லி பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சிங்கப்பூரின் தோ பாயோவில் தன் சின்ன வீட்டுக் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் சிலருக்கு மௌனமாக உட்காரக் கற்றுக்கொடுத்துவந்தார். வயதில் அம்பலவாணனைவிட ரொம்ப இளையவர். ஆனாலும் அம்பலவாணன் அவரை அம்மா என்றுதான் அழைப்பார்.

"யாரைப் பத்திக் கேக்கிறீங்க, ஐயா?"

"என் தம்பி திருமேனி. குடிக்கிறதை விட்டுட்டேங்கிறான்."

"நீங்க பார்த்த வரைக்கும்?"

"நான் பார்க்கும்போது குடிக்கிறதில்ல. பார்க்காதபோது?"

செண்பகவல்லி சுருட்டிய பாயை அவர் கையில் கொடுத்தார். "இதை அந்த மூலையில வைங்க" என்றார்.

அம்பலவாணன் பாயை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அவருக்கு அது பதிலாகவே படவில்லை.

அவர் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. எல்லையில் லாரிகளைச் சோதித்தே காலம் போனவர். ஓட்டுநர் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று பார்ப்பார், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று பார்ப்பார். வேலை முடிந்தும் கண் ஓயவில்லை. மனைவி இறந்தபின் ஈசூன் வீட்டில் அவரும் தம்பியும் மட்டும்தான். திருமேனி வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிப் போட்டதும் அண்ணன் அதை எடுத்து முகர்ந்து பார்ப்பார். துவைக்கப் போடுவதுபோல் காட்டிக்கொள்வார்.

காரணம் இல்லாமல் இல்லை. அவர்களுடைய அம்மா இறந்த அன்று திருமேனியைக் காணவில்லை. எரியூட்டிவிட்டு வந்தபிறகு, ஏதோ ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவன் நினைவில்லாமல் கிடப்பதாக யாரோ சொன்னார்கள். அம்பலவாணன்தான் தூக்கிக்கொண்டு வந்தார். அதன்பிறகுதான் அவன் விட்டான். விட்டதாகச் சொன்னான்.

அந்த வாரம் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. வீட்டிலேயே பீர் காய்ச்சுவதற்கான சாமான்களை விற்கும் கடை ஒன்று நகரத்தில் இருந்தது. விற்காமல், சொந்தத்துக்குக் காய்ச்சிக்கொள்ளத் தடையில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கென்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள். அவர் போய் நின்றார்.

கடையிலிருந்த சீனப் பெண்மணி பெட்டியைப் பிரித்துக் காட்டினார். மூடியுள்ள பெரிய வாளி. முளைகட்டிய பார்லியில் எடுத்த மால்ட் பாகு ஒரு டின். ஈஸ்ட் பொட்டலம். கழுவும் தூள். பிறகு வளைந்த சின்னப் பிளாஸ்டிக் குழாய் ஒன்று.

"இது எதுக்கு?"

"மூடியில ஓட்டை இருக்கு, பாருங்க. அதில செருகிக் கொஞ்சம் தண்ணி ஊத்தணும். புளிக்கும்போது உள்ளே உண்டாகிற காத்து இது வழியா வெளியே போகும்."

"எதுக்கு மூடியில ஓட்டை?"

"காத்து போகத்தான்."

"ஓட்டை இல்லாத மூடி இருக்கா?"

பெண்மணி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இல்ல சார். அதை அடைச்சிடாதீங்க."

அம்பலவாணன் பெட்டியை வாங்கிக்கொண்டார். ஆனால் கடைக்காரி அந்த ஓட்டையை அவ்வளவு அழுத்திச் சொன்னது அவருக்கு உறுத்தியது. அவர் பார்த்த கடத்தல்களில் பாதி ஓட்டை வழியாக நடந்தவை.

சனிக்கிழமை திருமேனி வீட்டில் இருக்கும்போதே காய்ச்சினார். பாகின் வாசனை வீடெல்லாம் பரவியது.

"என்னண்ணே இது?"

"சும்மா, பொழுதுபோக்கு. பீர் போடறேன். உனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லையே?"

திருமேனி வாளியைப் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான். "இல்லண்ணே" என்றான்.

வாளியைச் சாமான் அறையில் வைத்தார். குளியலறைக்குப் போகும் வழியில்தான் அந்த அறை. மூடியைச் சுற்றி அகலமான டேப் ஒட்டினார். டேப்பின்மேல் சிவப்பு நூலைக் குறுக்கே இழுத்துக் கட்டி, முடிச்சின்மேல் மெழுகு ஊற்றினார். அந்தக் காலத்தில் கண்டெய்னர்களுக்கு முத்திரை வைத்த கை அது. கடைசியில் அந்தக் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. அதை எடுத்துவிட்டு ஒரு ஸ்ட்ராவை விட்டு உறிஞ்சினால்? கொஞ்ச நேரம் யோசித்தார். மிச்சமிருந்த மெழுகைக் குழாயின் வாய் நிறைய ஊற்றி, அதன்மேலும் டேப் சுற்றினார்.

மறுநாள் விடிந்ததும் பார்த்தார். நூல் அப்படியே இருந்தது. ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஏனோ இல்லை. இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினார்.

அன்று கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோதெல்லாம் வாளிதான் தெரிந்தது. முடிந்ததும் யாரிடமும் பேசாமல் வீட்டுக்கு விரைந்தார்.

கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது பீர் வாசனை.

சாமான் அறை வாசலில் திருமேனி குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கையெல்லாம் ஈரம். சட்டையின் முன்பக்கம் ஈரம். வாளியின் மூடி ஒரு பக்கம் கிடந்தது. நூல் அறுந்து தொங்கியது.

"அண்ணே, வந்துட்டீங்களா. இது திடீர்னு..."

"பேசாதே."

"இல்லண்ணே, நான் அங்க ரூம்ல இருந்தேன், டமால்னு..."

"வாளி டமால்னு சொல்லிச்சா? நூலும் தானா அறுந்துச்சா?" அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "பாதிகூட இல்லையே. மிச்சம் எங்கடா?"

திருமேனி நிமிர்ந்தான். துணியை வாளியோரம் வைத்தான்.

"கிட்ட வா" என்றார் அம்பலவாணன். "வாயை ஊது."

"அண்ணே."

"ஊதுடா. எல்லையில எத்தனை பேரை ஊதச் சொல்லியிருக்கேன். உன்னைச் சொல்லக் கூடாதா?"

"ஊத மாட்டேன்."

"ஏன்?"

"நீங்க முடிச்சுப் போட்டதை நேத்தே பார்த்துட்டேண்ணே" என்றான் திருமேனி. குரல் உயரவில்லை. "அதைத் தாண்டித்தான் ராத்திரியும் காலையிலயும் குளிக்கப் போனேன். எதுக்கு வச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சுதான் போனேன். அதுக்கு மேல ஊதச் சொல்லாதீங்க."

"ஊதலைன்னா குடிச்சேன்னுதான் அர்த்தம்."

திருமேனி உள்ளே போய் ஒரு பையில் துணிகளைத் திணித்துக்கொண்டு வந்தான். வாசலில் கொஞ்சம் நின்றான். அண்ணன் கூப்பிடவில்லை. லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது.

அம்பலவாணன் நாற்காலியில் உட்கார்ந்தார். தான் நினைத்தது சரியாகிவிட்டது. ஆனால் ஒரு லாரியைப் பிடித்த அன்று வரும் மிடுக்கு வரவில்லை. மாலையில் செண்பகவல்லிக்கு ஃபோன் செய்தார்.

"நான் சொன்னேனே, அம்மா. கையும் களவுமாப் பிடிச்சுட்டேன். பீர் வாளிக்கு நான் வச்ச முத்திரையை அறுத்திருக்கான்."

"அப்படியா?" என்றார் செண்பகவல்லி. "நான் வந்து பார்க்கலாமா?"

செண்பகவல்லி வந்தார். சாமான் அறைக்குள் நின்று சுற்றிலும் பார்த்தார். அம்பலவாணன் அறுந்த நூலை எடுத்து நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை.

"ஒரு ஸ்டூல் இருக்குங்களா?"

"எதுக்கு, அம்மா?"

"கொண்டாங்களேன்."

கொண்டுவந்து போட்டார். செண்பகவல்லி அதில் ஏறாமல், "நீங்க ஏறுங்க" என்றார்.

அம்பலவாணன் ஏறினார்.

"மேலே பாருங்க."

சீலிங்கில் பழுப்பாக ஒரு பெரிய கறை. நடுவில் திட்டாய், ஓரங்களில் தெறித்துத் தெறித்து. அலமாரியின் மேல்தட்டிலும் நுரை காய்ந்திருந்தது. விளக்கிலிருந்து ஒரு டேப் துண்டு தொங்கியது.

"தொட்டுப் பாருங்க."

தொட்டார். பிசுபிசுத்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். பீர் வாசனை.

கீழே செண்பகவல்லி மூடியை எடுத்து, குழாயிலிருந்த டேப்பை உரித்து, ஒரு ஊசியால் மெழுகைக் குத்தி எடுத்தார். குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடியை மறுபடி வாளிமேல் அழுத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு குழாயிலிருந்த தண்ணீரில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது. இன்னொன்று. பிறகு அடுத்தடுத்து.

அம்பலவாணன் ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

"வெடிச்சிருக்கு" என்றார். "அவன் சொல்ல வந்தான். நான் விடலை."

செண்பகவல்லி குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் தொடவே இல்ல, அம்மா. நான் சிந்தினதைத் துடைச்சுக்கிட்டு இருந்திருக்கான். வாயை ஊதுன்னு சொன்னேனே." அவர் சட்டையைத் தேடி மாட்டினார். பொத்தான் மாறி விழுந்தது. "உட்லண்ட்ஸ்ல அவன் சிநேகிதன் இருக்கான். அங்கதான் போயிருப்பான். இப்பவே போறேன்."

"போங்க, ஐயா."

இருவரும் வெளியே வந்தார்கள். அம்பலவாணன் கதவைப் பூட்டிவிட்டு லிஃப்ட்டின் பொத்தானை அழுத்தினார். முகம் தெளிந்திருந்தது. அன்று முழுவதும் இல்லாத தெம்பு வந்திருந்தது.

"அவர்கிட்ட என்ன சொல்வீங்க?" என்று கேட்டார் செண்பகவல்லி.

"என்ன சொல்றது? நீ குடிக்கலைன்னு தெரிஞ்சுபோச்சுடா, வீட்டுக்கு வான்னு சொல்வேன்."

"குடிச்சிருந்தா?"

லிஃப்ட் வந்து திறந்தது. அம்பலவாணன் ஏறவில்லை. கதவு கொஞ்ச நேரம் திறந்தே இருந்துவிட்டு மூடிக்கொண்டது.