முப்பத்துமூணு இன்ச்

கோபிச்செட்டிபாளையத்தில் சமையலறைக்கும் குளியலறைக்கும் அளவெடுத்து அலமாரி செய்து மாட்டுகிற பட்டறை ஒன்று உண்டு. அதை நடத்துபவர் கோகிலவாணி. வயது முப்பத்துநாலு. அவரிடம் அளவெடுக்கக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தவர் சென்னியப்பன். வயது அறுபது.

மாற்றிச் சொல்லவில்லை. சீடருக்குத்தான் அறுபது.

சென்னியப்பன் முப்பத்தோரு வருடம் சர்வேயராக இருந்தவர். வெயிலில் சங்கிலி இழுத்தவர். அந்தப் பக்கத்து வரப்புகளில் பாதி, அவர் கை காட்டிய இடத்தில்தான் இன்றைக்கும் நிற்கின்றன. ஓய்வு பெற்ற பிறகு அளப்பதற்கு நிலம் இல்லை. வீடுதான் இருந்தது. தோசை ஒரு பக்கம் நீண்டுவிட்டது என்று டேப்பை வைத்துக் காட்டினார். வாசல் கோலம் இடது பக்கம் ஒரு இன்ச் கூடுதல் என்றார். மூன்றாம் மாதம் அவர் மனைவி வள்ளியம்மாள் ஒரு கையில் டேப்பையும் இன்னொரு கையில் தேய்த்த சட்டையையும் கொண்டுவந்து நீட்டினார்.

"எங்கியாவது போயி அளந்துட்டு வாங்க. பொழுது சாய வந்தாப் போதும்."

அப்படிப் பட்டறைக்கு வந்து சேர்ந்தவர்.

அங்கே எல்லோரும் கோகிலவாணியை 'அக்கா' என்பார்கள். இவருக்கு அது வாயில் வரவில்லை. 'பாப்பா' என்றால் கற்றுக்கொடுப்பவருக்கு மரியாதை இல்லை. இரண்டு நாள் ஒன்றும் கூப்பிடாமல் தொண்டையைச் செருமிக்கொண்டே திரிந்தார். மூன்றாம் நாள் 'மேஸ்திரி' என்று ஒரு வழியாக முடிவானது. கோகிலவாணி இவரை 'சார்' என்றார்.

முதலில் கிடைத்த வேலை ஒரு குளியலறை. வாஷ்பேசினை ஒட்டி, இரண்டு சுவருக்கு நடுவே ஒரு சந்து. அந்தச் சந்துக்குள் ஒரு அலமாரி போக வேண்டும். சென்னியப்பன் சந்தின் அகலத்தை முன்பக்கம் அளந்தார், நடுவில் அளந்தார், உள்ளே கையை விட்டுக் கடைசியிலும் அளந்தார். முன்னால் இருபத்துநாலேகால் இன்ச். நடுவில் இருபத்துநாலு. உள்ளே இருபத்துமூணேமுக்கால். மூன்றையும் கூட்டினார். மூன்றால் வகுத்தார். சுத்தமாக இருபத்துநாலு வந்தது. எழுதிக் கொடுத்துவிட்டார்.

அலமாரி பாதி தூரம் மாப்பிள்ளை மாதிரி உள்ளே போயிற்று. பிறகு நின்றுகொண்டது. தள்ளினால் போகவில்லை, இழுத்தால் வரவில்லை. அது முன்னால் நீட்டிக்கொண்டிருந்ததால் குளியலறைக் கதவு பாதிதான் திறந்தது. அந்த வீட்டுக்காரர் கொஞ்சம் உடம்பு கனத்தவர். இரண்டு நாள் பக்கத்து வீட்டில் குளித்தார்.

"மூணு அளவும் சரிதானுங்க, மேஸ்திரி" என்றார் சென்னியப்பன்.

"சரிதான் சார்."

"சராசரியும் சரிதானுங்க."

"அதுவும் சரிதான்."

"அப்புறம் ஏனுங்க உள்ள போகலை?"

கோகிலவாணி தன் கையிலிருந்த வளையலைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். "போட்டுப் பாருங்க."

மேஸ்திரி சொன்னால் காரணம் இருக்கும் என்று சென்னியப்பன் வளையலுக்குள் கையை நுழைத்தார். விரல்கள் போயின. விரல் முட்டி வந்ததும் வளையல் நின்றது.

"போகலைங்களே."

"மணிக்கட்டையும் முட்டியையும் கூட்டி ரெண்டால வகுத்துட்டுப் போடுங்க சார், போயிரும்."

பட்டறையே சிரித்தது. சென்னியப்பனும் சிரித்தார். பிறகு வளையலை வெளியே இழுத்தார். வரவில்லை. கடைசியில் துணி சோப்புப் போட்டுத்தான் எடுத்தார்கள். அன்று சாயங்காலம் தன் நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டார்: சந்துக்குச் சராசரி ஆகாது.

எழுதி முடித்ததும் ரோஷம் வந்துவிட்டது.

"அடுத்த வீட்டை நானே தனியாப் போயி அளக்கறனுங்க. அதுவும் தப்பாப் போச்சுன்னா, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே வீட்டுக்குப் போயிக்கறேன்."

"சரிங்க சார்" என்றார் கோகிலவாணி.

சொன்ன பிறகுதான் சென்னியப்பனுக்கு வீட்டு நினைப்பு வந்தது. அன்று காலையில்தான் வள்ளியம்மாள் முகமெல்லாம் மலர்ந்து சொல்லியிருந்தார்: "நீங்க வேலைக்குப் போனதுல இருந்து தோசை வட்டமா வருதுங்க."

அடுத்த வீடு சத்தி ரோட்டில். ருக்குமணியம்மா என்பவருடைய வீடு. பழைய சமையல் மேடையை இடித்துவிட்டுப் புது மேடையும் அதற்குக் கீழே அலமாரிகளும் வைக்க வேண்டும். சென்னியப்பன் விடிந்ததும் குளித்து, திருநீறு பூசி, புது டேப்போடு போனார்.

சமையலறை வாசலில் ருக்குமணியம்மாவின் கணவர் பொன்னுச்சாமி முறத்தை முன்னால் வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். குள்ளமான, அமைதியான மனிதர்.

"அண்ணா, கொஞ்சம் நகந்து உக்காருங்க. டேப்பு மேல முறம் இருக்குது."

பொன்னுச்சாமி நகர்ந்தார்.

அடுத்த சுவரை அளக்கும்போது அவர் அங்கே இருந்தார்.

"அண்ணா, இன்னும் ஒருக்கா."

முறத்தோடு கூடத்துக்கே போய்விட்டார்.

அடுப்புக்கு முன்னால் தரையில் ஒரு பலகை கிடந்தது. காலில் தட்டியது. சென்னியப்பன் அதைத் தூக்கிக் கொல்லையில் வைத்தார். இப்போது அறை துப்புரவாக இருந்தது. ஒவ்வொரு சுவரையும் மூன்று இடத்தில் அளந்தார். எது குறைவோ அதை எழுதினார். ஒரு இடத்தில்கூடக் கூட்டவில்லை, வகுக்கவில்லை. மனசுக்குள் வளையலைக் கும்பிட்டுக்கொண்டார்.

மிச்சம் இருந்தது மேடையின் உயரம்.

"எத்தனை உசரம் வேணுமுங்க?"

"முப்பது இன்ச்" என்றார் ருக்குமணியம்மா. அவரும் குள்ளம். "இப்ப இருக்கறது முப்பத்தாறுங்க. எக்கிப் பாத்தாத்தான் சட்டியில என்ன இருக்குதுன்னே தெரியுது."

"முப்பத்தாறே இருக்கட்டுங்க" என்றார் மருமகள் நித்யகலா. நல்ல உயரம். பள்ளிக்கூடத்தில் டீச்சர். "முப்பது வெச்சா நான் மண்டி போட்டுத்தான் நிக்கணும்."

"காத்தால ஏழரைக்கு பஸ் ஏறுறவளுக்கு மேடை என்னத்துக்குக் கண்ணு?"

"டிவி முன்னால இருந்து பாத்தா மேடை தெரியுங்களா அத்தை?"

சென்னியப்பனுக்கு இது பழகின இடம். முப்பத்தோரு வருடமும் அவர் நின்றது இப்படி இரண்டு பேருக்கு நடுவில்தான். இவன் இங்கே என்பான், அவன் அங்கே என்பான். நடுவில் கல்லை நட்டுவிட்டு வந்துவிடுவார். இரண்டு பேரும் சமமாகத் திட்டுவார்கள். சமமாகத் திட்டினால் நியாயம் என்று அர்த்தம்.

முப்பதையும் முப்பத்தாறையும் கூட்டினார். இது சந்து இல்லையே என்று ஒரு தடவை யோசித்துக்கொண்டார். இரண்டால் வகுத்தார்.

"முப்பத்துமூணு. ஆளுக்கு மூணு இன்ச்சுதான் விட்டுக் குடுக்கறீங்க."

"முப்பத்துமூணா? அது யாருக்குங்க?"

இதை மாமியாரும் மருமகளும் ஒரே மூச்சில் கேட்டார்கள். அவர்கள் ஒற்றுமையாகச் செய்த அடுத்த காரியம், பட்டறைக்குப் போன் போட்டது.

கோகிலவாணி ஸ்கூட்டரில் வந்தார். அளவு எழுதிய தாளைப் பார்த்தார். சுவர்களைப் பார்த்தார். இரண்டு பெண்களும் தங்கள் தங்கள் வழக்கைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டார். சென்னியப்பன் ஓரமாக நின்றார். வீட்டுக்குப் போனால் வள்ளியம்மாளிடம் என்ன சொல்வது என்று ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

கோகிலவாணி டேப்பை வெளியே எடுக்கவே இல்லை.

"ஏனுங்கம்மா, ஒரு டீ கிடைக்குங்களா?"

"அதுக்கென்னங்க" என்று ருக்குமணியம்மா எழுந்து போய் ஒரு டப்பாவைத் திறந்தார். உளுந்து. இன்னொன்றைத் திறந்தார். வெந்தயம்.

"நித்யா, சர்க்கரையை எங்க வெச்ச?"

"நான் வெக்கலைங்க அத்தை." நித்யகலா அடுப்பைச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தார். "லைட்டரை எங்க வெச்சீங்க?"

"நான் எதுக்கு அதை எடுக்கறேன்?"

மேலும் நாலு டப்பா மூடிகள் திறந்து மூடின.

கூடத்திலிருந்து, தலையை நிமிர்த்தாமல், பொன்னுச்சாமியின் குரல் வந்தது. "சர்க்கரை மூணாவது தட்டுல, மைதா டப்பாவுக்குப் பின்னால. லைட்டர் ஆணியில தொங்குது."

அப்புறம் அவருக்கே பொறுக்கவில்லை. எழுந்து வந்தார். கை கழுவினார். அடுப்புக்கு முன்னால் போய் நின்று, காலுக்குக் கீழே பார்த்தார்.

"இங்க ஒரு பலகை கிடந்துச்சே?"

சென்னியப்பன் கொல்லைக்கு ஓடினார்.

பொன்னுச்சாமி பலகை மேல் ஏறி நின்றார். தோள் இறங்கி, கை தானாக அடுப்புக்கு வந்தது. இஞ்சி தட்டினார். பால் பொங்குகிற நேரம் பார்த்துத் தணித்தார். ஐந்து தம்ளர் டீ வந்தது. ஒரு தம்ளரில்கூட இனிப்பு கூடவில்லை, குறையவில்லை.

"எத்தனை வருசமுங்க?" என்று கேட்டார் கோகிலவாணி.

"எட்டு வருசம் அம்மிணி. அவளுக்கு முழங்கால் வலி வந்துருச்சு. மருமகளுக்கு பஸ். நான் போஸ்ட் ஆபீஸ்ல ரிட்டயராகி வீட்டுல சும்மா இருந்தேன். இருந்தா இவங்களைத் தொணதொணன்னு ஏதாவது சொல்லிட்டே இருந்தேன். செரி, இந்தப் பக்கம் வந்து நிப்பமேன்னு வந்தேன்."

சென்னியப்பன் டீயை மெதுவாக விழுங்கினார்.

"இவ்வளவு நேரம் உசரத்துக்குச் சண்டை நடந்துச்சே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்லங்க?" என்றார் கோகிலவாணி.

"என்னையத்தான் இவரு ரெண்டு தடவை நகந்து உக்காரச் சொன்னாரு. நகந்தேன். வேற ஒண்ணும் கேக்கலையே. எனக்கு வெங்காயம் வேற இருந்துச்சு."

கோகிலவாணி அப்போதுதான் டேப்பை எடுத்தார். குனிந்து பலகையின் உயரத்தை அளந்தார். மூன்று இன்ச்.

"மேடை முப்பத்தாறு. அதுல இந்தப் பலகை மூணு கழிஞ்சுது. எழுதிக்குங்க சார். முப்பத்துமூணு."

சென்னியப்பனின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது.

"அவருக்கு அதுன்னா, அதே இருக்கட்டுங்க" என்றார் ருக்குமணியம்மா, டீத் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டு. நித்யகலா தலையாட்டினார். மூன்றாவது தடவையாக ஒற்றுமை.

வாசலுக்கு வந்ததும் சென்னியப்பனால் அடக்க முடியவில்லை. ஸ்கூட்டரைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"மேஸ்திரி, நான் சொன்னதும் முப்பத்துமூணுதானுங்க!"

"முப்பத்துமூணுதான்."

"ஒரு நூல்கூட வித்தியாசமில்லை."

"இல்லைங்க."

"அப்ப நான் சொன்ன அளவு தப்பில்லையே?"

கோகிலவாணி ஹெல்மெட்டை மாட்டினார்.

"அளவு அதேதான் சார். அதைத்தான் ரெண்டு தடவை நகந்து உக்காரச் சொல்லியிருக்கீங்க."

சென்னியப்பன் ஸ்கூட்டருக்கு வழிவிட்டு நகர்ந்து நின்றார். உள்ளே வெங்காயம் வதங்குகிற வாசம் வந்தது. ஸ்கூட்டர் கிளம்புகிற நேரம் மெல்லக் கேட்டார்.

"அப்ப நாளைக்கு நான் வரட்டுங்களா, வேண்டாமுங்களா?"

"வாங்க சார். டீ வர்ற வரைக்கும் டேப்பை மட்டும் எடுக்காதீங்க."