முதல் தண்ணீர்

மெல்பர்ன் புறநகரில், தன் வீட்டுக் கார் ஷெட்டில் சகாயராணி பீர் காய்ச்சக் கற்றுக்கொடுத்து வந்தாள். தூத்துக்குடிக்காரி. நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவளிடம் படிக்க வந்தவர்களில் மூத்தவர் தணிகாசலம். கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபது வயதுவரை பீர் வாடையே ஆகாது என்று மூக்கைப் பொத்திக்கொண்டவர்.

அன்று நல்ல குளிர். தணிகாசலம் தன் பீப்பாயைக் காரிலிருந்து இறக்கினார். எஃகு பீர் பீப்பாய் ஒன்றின் மேல்பக்கத்தை வட்டமாக அறுத்து, தனி மூடி போட்டு, அடியில் குழாய் வைத்தது. முளைகட்டி உலர்த்தி உடைத்த பார்லியை, அதாவது மால்ட்டை, வெந்நீரோடு அதில் ஊறவைக்க வேண்டும். ஒரு மணி நேரம் சூடு அறுபத்தேழு டிகிரியில் நிற்க வேண்டும். நின்றால் பீர். இல்லாவிட்டால் மாட்டுக்குத்தான் ஊற்ற வேண்டும். அவரிடம் மாடும் இல்லை.

"டீச்சர், இதுல சூடு நிக்கவே மாட்டேங்குது."

"என்ன செய்தீங்க அண்ணாச்சி?"

"என்ன செய்யலைன்னு கேளுங்க. கணக்குப் போட்டு, சரியான சூட்டுல தண்ணி ஊத்தினேன். மால்ட்டைப் போட்டேன். கம்பளி சுத்தினேன். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள சூடு இறங்கிடுச்சு. அடுத்த தடவை கீழ அடுப்பைப் பத்தவச்சேன்."

"கம்பளியோடயா?"

கம்பளி அவர் மனைவியுடையது. அதில் விழுந்த ஓட்டையைப் பற்றி வீட்டில் பேசவேண்டியதெல்லாம் பேசியாகிவிட்டது.

"ரெண்டு தடவையும் பாழ். முதல் தடவை வெறும் தண்ணி. அடுத்த தடவை சர்க்கரைப் பாகு."

"யாருக்காக இவ்வளவு பாடு?"

"மாப்பிள்ளைக்கு."

மகள் மதுரவாணி தானே ஒருவனைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். தணிகாசலம் கல்யாணத்துக்குப் போகவில்லை. மூன்று வருடம் பேச்சும் இல்லை. மகள் வீடு பக்கத்துப் புறநகரில்தான். போய்வந்த மனைவிதான் ஒருநாள் சொன்னாள், மாப்பிள்ளைக்கு வீட்டில் காய்ச்சிய பீர் என்றால் உயிராம். கையை வீசிக்கொண்டு போய் அந்த வாசலில் நிற்க அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பெட்டி பீர் இருந்தால், பேச்சைத் தொடங்க ஏதாவது கிடைக்குமே.

"பீப்பாயைத் தொடுங்க" என்றாள் சகாயராணி.

தொட்டவர் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார். அப்படி ஒரு குளிர்ச்சி.

அவள் ஒரு பானைக் கொதிநீரை வெறும் பீப்பாய்க்குள் ஊற்றினாள். மூடியைப் போட்டாள்.

"மால்ட்டு?"

"இப்ப வேண்டாம்."

அடுத்த பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் போனது. எழுந்து பீப்பாயின் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சாக்கடைக்கு ஓடியது.

"ஐயையோ, கேஸ் செலவு பண்ணிக் கொதிக்கவச்ச தண்ணி!"

ஓடும் தண்ணீரில் தெர்மாமீட்டரை நீட்டினார். "கொதிச்ச தண்ணி டீச்சர். இவ்வளவு இறங்கியிருக்கு! அத்தனை சூடும் எங்க போச்சு?"

"இப்பத் தொடுங்க."

தொட்டார். சுட்டது. விரலை உதறிக்கொண்டார்.

"பீப்பாய் தன் பங்குச் சூட்டைக் குடிச்சிட்டுத்தான் மால்ட்டுக்கு விடும்" என்றாள்.

தணிகாசலம் தண்ணீருக்குக் கணக்குப் போட்டிருந்தார். மால்ட்டுக்கும் போட்டிருந்தார். பீப்பாயைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆயுள் முழுக்கக் கணக்கெழுதியவருக்கு அது உறைத்தது. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை.

"போன ஞாயித்துக்கிழமை வாணிக்குப் போன் பண்ணினேன் டீச்சர்."

"என்ன சொன்னீங்க?"

"எல்லாத்தையும் சொன்னேன். தப்பு என் மேலதான்னேன். சின்னதுல அவளைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சதைச் சொன்னேன். அழுதே விட்டேன்."

"அவ?"

"'சரிப்பா'ன்னா. அவ்வளவுதான். வச்சிட்டா."

அந்த ஒரு வார்த்தை அவருக்கு ஆறு நாளாக வலித்துக்கொண்டிருந்தது.

"மூணு வருஷமா நெஞ்சுல கிடந்ததைக் கொட்டினேன். அத்தனையும் வீண். இனிமே நான் கூப்பிடப் போறதில்லை. நீங்க இதைச் சரியா வரவச்சுக் குடுங்க, அவ அம்மா கையில குடுத்தனுப்பிடறேன். நான் போகலை."

சகாயராணி குழாயை மூடினாள். புறங்கையால் பீப்பாயைத் தொட்டுப் பார்த்தாள்.

"முதல் தண்ணிதான் ஆகியிருக்கு அண்ணாச்சி. அடுத்ததுக்கு நேரமாக்கினா, பழையபடி ஆறிரும்."

அடுப்பில் தண்ணீர் தயாராக இருந்தது. தணிகாசலம் பானையைப் பார்த்தார். பீப்பாயைப் பார்த்தார். பானையின் பிடியில் கை வைத்தவர், அதை எடுக்கவில்லை. கோட்டுப் பைக்குள் கைவிட்டு போனை எடுத்தார். எடுத்துவிட்டுத் தயங்கினார்.

"மால்ட்டு..." என்றார்.

"அதை நான் பாத்துக்கிடுதேன். நீங்க வெளிய போய்ப் பேசுங்க."