தலைவர் மட்டும் தெரிந்த போர்டு

அரிசி மண்டி தணிகாசலம் வணிகர் சங்கத் தலைவரான அன்றே பூங்காவனத்துக்குத் தலைவலி ஆரம்பித்தது. அவள் ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறவள்.

தனக்கு வாழ்த்து போர்டு அடிக்க வந்தவர், "நான் பிராமினென்ட்டா தெரியணும்" என்றார்.

முகத்தைப் பெரிதாக்கினாள். போதவில்லையாம். கீழே வரிசையாக இருந்த வாழ்த்துகிறவர்களின் தலைகளை எடுக்கச் சொன்னார். எடுத்தாள். மிச்சம் இருந்தது அவர் மச்சான் தலை. அதுவும் கண்ணை உறுத்துகிறதாம். 'வாழ்த்துகிறோம்' என்ற எழுத்தும் போனது. பின்னால் கறுப்பு வைத்தால்தான் முகம் எடுப்பாக இருக்குமாம். மவுஸ் பிடித்தவளுக்குக் கை மரத்துப்போனது.

"ஐயா, இப்படி வச்சா ஊர்ல வேற மாதிரி நினைச்சுக்குவாங்க."

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமா? பிராமினென்ட்னா பாக்கிறவன் கண்ணுக்கு நான் மட்டும்தான் படணும். சொன்னதைச் செய்."

செய்தாள். அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டில் கட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் துக்கத்துக்காகப் பஜார் முழுக்கப் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. மாலையோடு வந்த சங்கத்துக்காரர்கள், வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த தலைவரைப் பார்த்து அலறி ஓடினார்கள். வாய் நுரையைக்கூடத் துடைக்காமல் அவர் ஃபிளெக்ஸ் கடைக்கு வந்து நின்றார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"நீங்க கேட்டதைத்தான், ஐயா. நம்ம ஊர்ல ஒருத்தர் மட்டும் தனியா, பெரிசா தெரியறது கண்ணீர் அஞ்சலி போர்டுலதான்."

"இப்ப என்ன செய்யறது?"

பூங்காவனம் அலுப்போடு கம்ப்யூட்டரைப் போட்டாள்.

"உங்க மச்சான் தலையைத் திரும்ப வச்சிடறேன். உயிர் வந்துடும்."