கத்தி எப்போது விழுந்தது?

முத்துச்செல்வி ஆசானிடம் கேள்வியோடு போனால் பதில் லேசில் கிடைக்காது. "கம்பை எடுங்க" என்பார். பாதிப் பேருக்கு அதோடு கேள்வியே மறந்துபோகும்.

பால்துரை அண்ணாச்சியின் கேள்வி அப்படி மறக்கிற கேள்வி இல்லை. தூத்துக்குடியில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். ஆசானைவிடப் பத்து வயதாவது மூத்தவர். தொப்பையைக் குறைக்கத்தான் சிலம்பம் பழக வந்தார். வந்த இடத்தில் கம்பின்மேல் ஆசை பிறந்து, ஆசானின் காலைத் தொட்டுச் சீடராகிவிட்டார். அன்று சிலம்பக் கொட்டகைக்குள் நுழைந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன அண்ணாச்சி, ஊரே உங்களைப் புகழுது. நீங்க என்னடான்னா எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி நிக்கீங்க?" என்று கேட்டார் ஆசான்.

ஊர் புகழ்ந்தது உண்மைதான். முந்தின நாள் காலையில் அண்ணாச்சி பயிற்சி முடித்துக் கம்போடு வீடு திரும்பும்போது, பஸ் ஸ்டாப்பில் ஒருவன் கத்தியைக் காட்டி ஒரு பெண்ணின் தாலிச் செயினைப் பிடித்து இழுத்தான். நின்றவர்கள் எல்லாம் ஒதுங்கினார்கள். இவர் மட்டும் முன்னால் போய்க் கம்பை வீசினார். பெண்ணும் பிழைத்தாள், தாலியும் பிழைத்தது. திருடன் முன்கை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"இன்ஸ்பெக்டர் நாளைக்கு வரச் சொல்லியிருக்கார் ஆசானே. கத்தி அவன் கையில இருக்கும்போது அடிச்சீங்களா, கீழ விழுந்த பிறகு அடிச்சீங்களான்னு கேக்கார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியலையே! கம்பை ஓங்கினது தெரியுது. அவன் தரையில கிடந்தது தெரியுது. நடுவுல ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

அண்ணாச்சியின் மச்சினன் வக்கீல். கத்தியோடு வருகிறவனை அடித்தால் அது தற்காப்பு, சட்டமே நம் பக்கம் என்று அவன் சொல்லியிருந்தான். கத்தியைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தவனை அடித்திருந்தால் கேஸ் இவர்மேல் திரும்பும். "கத்தி இருந்துச்சுன்னே சொல்லிருங்க அத்தான். நின்னவன் எல்லாம் ஒதுங்கிட்டான், அந்தப் பிள்ளையும் கண்ணை மூடிக்கிட்டா. யாரு பார்த்தா?"

"பொய் சொல்ல பயமா?" என்றார் ஆசான்.

"பயம் அது மட்டும் இல்ல. அந்தப் பிள்ளை கழுத்துல அவன் கை வச்சதும் எனக்கு வந்த கோபம் எனக்குத்தான் தெரியும். கையில ஒண்ணும் இல்லாம நின்னவனை நான் அடிச்சிருந்தா? அப்படிப்பட்ட ஆளா நானு? ராத்திரி பூரா கண்ணு மூடல."

"கம்பை எடுங்க."

எதிராளி கம்பைத் தவறவிட்டால் அவரைத் தொடக் கூடாது என்பது அந்தக் கொட்டகையின் முதல் பாடம். வீசக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னாலேயே ஆசான் நிறுத்தக் கற்றுக்கொடுப்பார். இப்போது இரண்டு வீச்சு போனதும் அவர் வேண்டுமென்றே தம் கம்பை நழுவவிட்டார். அண்ணாச்சியின் கம்பு அந்தரத்தில் நின்றது.

"இது விளையாட்டுல்லா ஆசானே," என்றார் அவர். "இங்க எனக்குக் கோபம் இல்லையே."

"வாஸ்தவம்."

ஆசான் கம்பை எடுத்து அவர் கணுக்காலில் ஒன்று வைத்தார். அவர் சுதாரிப்பதற்குள் அதே இடத்தில் இன்னொன்று.

"பெயின்ட் டப்பா தூக்குத கைக்கு இவ்வளவுதான் வேகமா?"

"வேண்டாம் ஆசானே, வலிக்குது."

"வலிச்சா வீட்டுக்குப் போய் எண்ணெய் தேயுங்க." இந்த முறை முதுகில் விழுந்தது, சுளீரென்று.

அண்ணாச்சிக்குக் கண் சிவந்துவிட்டது. குருவாவது சீடனாவது! கம்பைத் தலைக்குமேல் சுழற்றி, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி இறக்கினார். அந்த நொடியில் ஆசான் கையிலிருந்த கம்பை விட்டார். அது தரையில் விழுந்து உருண்டது. அவர் விலகவும் இல்லை, தடுக்கக் கையைத் தூக்கவும் இல்லை.

அண்ணாச்சியின் கம்பு ஆசானின் தோளுக்கு விரற்கடை மேலே நின்றது.

பிறகு அவர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கிய மாதிரி இருந்தது. வெட்கம் பார்க்காமல் அழுதார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்போ கத்தி இருந்துச்சுன்னே சொல்லிரலாமா?" என்று கேட்டார்.

"பார்த்தீங்களா?"

"இல்ல."

"பார்க்காததை எப்படிச் சொல்லுவீங்க?"

மறுநாள் ஸ்டேஷனில், "ஞாபகம் இல்ல சார்" என்றுதான் அண்ணாச்சி சொன்னார். பக்கத்தில் நின்ற மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். எதிர்த்த பேக்கரியின் கேமரா பதிவை அவர் அன்று காலையிலேயே பார்த்துவிட்டாராம். "கத்தியோட உங்க மேல பாயுதான். ஒரே ஒரு அடி. அவன் விழுந்த பிறகு நீங்க தொடவே இல்ல. கோர்ட்டுக்குச் சாட்சியா மட்டும் வாங்க அண்ணாச்சி, போதும்."

சாயங்காலம் சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜியோடு கொட்டகைக்கு ஓடினார். ஆசானும் அவரும் சிரித்துச் சிரித்துத் தின்றார்கள். பொட்டலம் காலியாகும்போது அண்ணாச்சிக்குத் திடீரென்று ஒரு நினைப்பு வந்தது.

"ஆசானே, நேத்து என் கை நிக்காம போயிருந்தா?"

"எனக்குத் தோள்பட்டை கழண்டிருக்கும்."

"ஐயோ! சரி, நான்? நான் என்ன ஆயிருப்பேன்?"

ஆசான் விரலில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு ஸ்டேஷன்ல போயி, என் கை நிக்காத கை சார்னு நீங்களே சொல்லியிருப்பீங்க. உங்க கையை நம்பி இல்ல அண்ணாச்சி, அந்த மனசை நம்பித்தான் நான் கம்பை விட்டேன்."